1943-ல் சேலத்தில் மணி என்ன? பழைய நேரமும் மென்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இருந்துகொண்டு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். அதைப் பயன்படுத்தும் ஜோசியர்கள், தாத்தா பாட்டி ஜாதகத்தைக் கணினியில் ஏற்றப் பார்க்கும் குடும்பங்கள், ஊரில் நிரல் எழுதும் இளைஞர்கள், ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகங்களில் பழைய பதிவேடுகளை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. உங்களுக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இந்தப் பக்கத்துக்கு அவசியமில்லை. எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நிகழ்வின் நேரத்தை நிமிடக் கணக்கில் கேட்கிற தொழில் வேறு அதிகம் கிடையாது. அதனால் பழைய நேரச் சிக்கல் முதலில் தலைகாட்டுவது எங்களிடம்தான்.

என் தாத்தா 1943 மார்ச் 10 காலை 7 மணிக்குச் சேலத்தில் பிறந்தார். ஒரு மென்பொருள் மீன லக்னம் என்கிறது, இன்னொன்று கும்ப லக்னம் என்கிறது. எது சரி?

அன்றைக்குச் சேலத்துக் கடிகாரங்கள் இன்றைய இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. இரண்டாம் உலகப் போருக்காக அரசாங்கம் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருந்த காலம் அது. யாரோ கடிகாரத்தைப் பார்த்து 7 என்று எழுதியிருந்தால் இன்றைய கணக்கில் அது காலை 6 மணி.

அன்று சேலத்தில் சூரிய உதயம் இன்றைய கணக்கில் சுமார் 6:28. அதாவது 7 மணி என்று அப்படியே எடுத்தால் குழந்தை உதயத்துக்கு அரை மணி நேரம் கழித்துப் பிறந்ததாகிறது; திருத்தி எடுத்தால் உதயத்துக்கு அரை மணி முன்னால். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான லக்னம் மீனத்திலிருந்து கும்பத்துக்குப் போகிறது. அதோடு விடவில்லை. நம் முறையில் நாள் தொடங்குவது உதயத்தில் என்பதால், ஆங்கிலத் தேதிப்படி புதன்கிழமையாக இருந்தாலும் ஜாதகத்தில் கிழமை செவ்வாய் ஆகிவிடும். தசை இருப்பும், அதாவது பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதியுள்ள காலமும், நகரும். சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரை பாகைக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. இருபது வருட சுக்கிர தசையில் அது ஏறத்தாழ பத்து மாதம்.

கும்பம் என்று சொன்ன மென்பொருள் போர்க்கால நேரத்தைக் கழித்திருக்கிறது. மீனம் என்றது கழிக்கவில்லை. தாத்தாவின் குறிப்பு கடிகார நேரம்தான் என்றால் கும்பமே சரி. 'என்றால்' என்பதுதான் சிக்கல், கீழே வருகிறேன்.

அந்தப் போர்க்கால நேரம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?

1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 14 நள்ளிரவு வரை. நம்மூர் ஜோசியர்கள் பலர் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த வருடங்களில் பிறந்த ஜாதகம் வந்தால் கேட்காமலே ஒரு மணி கழிப்பார்கள். ஆனால் அவர்கள் கழித்துக் கொடுத்த நேரத்தை மென்பொருளில் போட்டால் அது இன்னொரு முறை கழிக்கும். எங்களுக்கு வரும் புகார்களில் இந்த இரட்டைக் கழிவுதான் அதிகம்.

1941 டிசம்பருக்கும் மென்பொருள் ஒரு மணி நேரம் கழிக்கிறதே?

ஆமாம். உலகமெங்கும் கணினிகள் பயன்படுத்தும் அட்டவணையில் 1941 அக்டோபர் 1 முதல் 1942 மே 14 வரையும் ஒரு மணி நேரக் கூடுதல் இருக்கிறது. அந்த அட்டவணை கொல்கத்தாவின் பெயரில் இருப்பது. இங்குள்ள ஜோதிட வழக்கம் 1942 செப்டம்பரிலிருந்து மட்டுமே கணக்கிடுகிறது. சேலத்துப் பிறப்புக்கு அந்த ஏழரை மாதத்தில் கழிக்காமல் விடுவதே பொருத்தம் என்பது எங்கள் முடிவு. மென்பொருளில் அதற்குத் தனிப் பொத்தான் வைத்திருக்கிறோம். வங்காளத்தில் பிறந்தவர் என்றால் அதை அழுத்திக்கொள்ளலாம்.

கணினிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வானியல் கணக்கா?

இல்லை. உதயத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம், கடிகாரத்தைச் சொல்ல முடியாது. கடிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்பது அரசாணை. அந்த ஆணைகளை யாராவது உட்கார்ந்து தேடி எழுதி வைத்தால்தான் உண்டு.

அப்படி எழுதி வைத்தவர் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர். 1980-களில் தொடங்கினார். இப்போது அதைப் பராமரிப்பவர் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் பால் எகர்ட். நிரலாளர்கள் அதை டிஇசட் டேட்டாபேஸ் என்பார்கள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், லினக்ஸ், ஜாவா, பைத்தான் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. பெயர்தான் டேட்டாபேஸ், திறந்து பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புகள். வரலாற்றுக் குறிப்புகளும், எந்தச் செய்தித்தாளில் என்ன போட்டிருந்தது என்ற விவாதமும் வரிகளுக்கு நடுவே இருக்கும். ஒரு மென்பொருள் கோப்பு இவ்வளவு படிக்கச் சுவையாக இருக்குமா என்று தோன்றும்.

ஒரு நிலத்தின் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்திருப்பீர்கள்: இந்தத் தேதி வரை இன்னார் பெயரில், அதற்குப் பிறகு இன்னார் பெயரில் என்று வரிசையாக இருக்கும். நேர அட்டவணையும் அதே மாதிரிதான். ஏசியா/கொல்கத்தா என்ற பதிவின் வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். 1854 ஜூன் 28 வரை கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 விநாடி முன்னால். அதிலிருந்து 1870 வரை 5:53:20. பிறகு 1906 ஜனவரி 1 வரை 5:21:10. அதன்பின் 5:30, நடுவில் மேலே சொன்ன இரண்டு போர்க்காலத் துண்டுகளில் மட்டும் 6:30. 1945 அக்டோபர் 15-க்குப் பிறகு மாற்றமே இல்லை.

இந்தக் கோப்பை ஒரு சிறு நிரல் இரும எண்களாக மாற்றி வைக்கும். நீங்கள் ஒரு தேதி கொடுத்ததும் மென்பொருள் அந்த மாற்றத் தேதிகளின் வரிசையில் உங்கள் தேதி எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று தேடி, அந்த வரிக்கு உரிய மணி நிமிடத்தைக் கழிக்கும். அவ்வளவுதான் வேலை.

சரி, 5:21:10 என்பது எந்த ஊர் நேரம்?

மெட்ராஸ் நேரம். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் அமைத்த வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் அது. ரயில்வேக்கு நாடு முழுக்க ஒரே நேரம் தேவைப்பட்டபோது இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1860-களில் மெட்ராஸிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சேலம் ரயில் நிலையத்துக்கு மெட்ராஸ் நேரம் வந்த வழியும் அதுதான்.

கொல்கத்தா என்று பெயர் வைத்த பதிவுக்குள் மெட்ராஸ் நேரம் உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். கொல்கத்தா நகரம் 1906-க்குப் பிறகும் தன் உள்ளூர் நேரத்தை விடாமல் 1948 வரை வைத்திருந்தது. பம்பாய் 1955 வரை. அட்டவணையில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. ஆக, 1930-ல் கொல்கத்தாவில் பிறந்தவருக்கு ஏசியா/கொல்கத்தா சொல்லும் நேரம் அந்த ஊர் மக்களின் கடிகாரத்தோடு பொருந்தாது. சேலத்தில் பிறந்தவருக்குப் பொருந்தும்.

நகரங்களுக்கு இடமில்லை என்றால், அட்டவணை தவறு என்றுதானே அர்த்தம்?

அட்டவணைக்காரர்கள் வாக்குக் கொடுத்தது 1970 ஜனவரி 1-க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும். அந்தத் தேதிக்குப் பிறகு இரண்டு ஊர்களின் கடிகாரம் ஒருமுறையாவது வேறுபட்டிருந்தால் தனிப் பதிவு உண்டு. இல்லையென்றால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். 1970 என்பது யுனிக்ஸ் கணினிகள் விநாடிகளை எண்ணத் தொடங்கும் புள்ளி. இந்தியா முழுக்க 1970 முதல் ஒரே நேரம் என்பதால் சேலம், சென்னை, மும்பை, டெல்லி எல்லாம் ஒரே பதிவில்.

1970-க்கு முந்தைய தகவலும் அதில் இருக்கிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை. 2022 ஆகஸ்டில் ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் மூன்றையும் பெர்லினோடு சேர்த்துவிட்டார்கள். 1970-க்குப் பிறகு அவை ஒன்றாகவே ஓடின என்ற காரணத்தால். அந்த நகரங்களின் பழைய வரலாறு தனிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்கினால்தான் உங்கள் கணினிக்கு வரும். எனக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லை. பராமரிப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒரு நாட்டுக்கு ஒரு நீதி இன்னொரு நாட்டுக்கு இன்னொரு நீதி கூடாது என்கிறார்கள். ஆனால் மென்பொருளைப் புதுப்பித்ததும் ஒருவருடைய பாட்டியின் பிறந்த நேரம் மாறுகிறது என்றால் அதை எப்படி விளக்குவது?

இதில் ஆபத்து எங்கே என்றால், 2005-க்கும் 1941-க்கும் மென்பொருள் ஒரே குரலில் பதில் சொல்கிறது. ஒன்று உறுதியானது, இன்னொன்று கிடைத்ததை வைத்துச் சொன்னது என்ற வேறுபாடு திரையில் தெரிவதில்லை. அதனால் எங்கள் மென்பொருளில் 1970-க்கு முந்தைய எந்தத் தேதிக்கும் எந்த வரியை எடுத்தோம் என்பதை அச்சிலேயே காட்டுகிறோம்.

1906-க்கு முந்தைய ஜாதகத்துக்கு என்ன செய்வது?

முதலில் அது எந்த நேரம் என்று கேளுங்கள். சேலத்தின் தீர்க்கரேகை சுமார் 78.15 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சேலத்தின் சொந்த நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 12 நிமிடம் 36 விநாடி முன்னால். மெட்ராஸ் நேரத்துக்கு எட்டரை நிமிடம் பின்னால், இன்றைய இந்திய நேரத்துக்குப் பதினேழு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்னால். 1900-ல் ஒரு ரயில்வே குமாஸ்தா வீட்டில் எழுதிய நேரம் மெட்ராஸ் நேரமாக இருக்கலாம். நிழல் பார்த்து எழுதியது என்றால் ஊர் நேரம். லக்னம் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகரும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு பாகை வித்தியாசம் வரும். லக்னச் சந்தியில், அதாவது இரண்டு ராசிகளின் எல்லையில், பிறந்தவர் என்றால் அது போதும் ராசியையே மாற்ற.

1906 ஜனவரி 1 நள்ளிரவில் மெட்ராஸ் நேரத்திலிருந்து இந்திய நேரத்துக்குத் தாவியபோது கடிகாரத்தை 8 நிமிடம் 50 விநாடி முன்னே தள்ள வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் யாரும் பிறந்திருக்க முடியாது, தாளில் மட்டும்.

எங்கள் குறிப்பில் மணியே இல்லை. 'உதயாதி நாழிகை' என்று எழுதியிருக்கிறது.

நல்லது. உதயத்திலிருந்து எத்தனை நாழிகை, எத்தனை விநாடி என்று எண்ணியது அது. ஒரு நாழிகை 24 நிமிடம்; இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, கடிகார விநாடி அல்ல. எந்த அரசாங்கமும் அதைத் தள்ளிவைக்க முடியாது. மென்பொருளில் நேர மண்டலத்தைத் தொடவே வேண்டாம். பிறந்த ஊரின் உதயத்தைக் கண்டுபிடித்து நாழிகையைக் கூட்டினால் போதும்.

மணியும் நாழிகையும் இரண்டுமே எழுதியிருந்தால் இன்னும் நல்லது, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம். அதே 1943 மார்ச் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணி என்றும், நாழிகை 3 விநாடி 50 என்றும் குறிப்பு இருக்கிறது என்று வைப்போம். இன்றைய நேரப்படி உதயம் 6:28. 9 மணி வரை 152 நிமிடம், அதாவது 6 நாழிகை 20 விநாடி. பொருந்தவில்லை. போர்க்கால நேரப்படி உதயம் 7:28. 92 நிமிடம், 3 நாழிகை 50 விநாடி. பொருந்துகிறது. எழுதியவர் போர்க்காலக் கடிகாரத்தைப் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து நாழிகை போட்டிருக்கிறார். முதல் கேள்வியில் சொன்ன 'என்றால்' இப்படித்தான் தீரும். இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது தவிர வழியில்லை.

1945 அக்டோபர் 14 இரவு 11:30-க்குப் பிறந்தவர். மென்பொருள் 'எந்த 11:30?' என்று கேட்கிறது!

கேட்க வேண்டும். கேட்காத மென்பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு 12 அடித்ததும் கடிகாரம் மறுபடி 11-க்குப் போனது. 11 முதல் 12 வரையுள்ள ஒரு மணி நேரம் இரண்டு முறை வந்தது. நேர்மாறாக, 1942 செப்டம்பர் 1 அதிகாலை 12:30 என்ற நேரம் கடிகாரத்தில் வரவே இல்லை.

நிரல் மொழிகள் இதற்கு ஆளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. ஜாவாவின் புதிய நேர நூலகம் இரட்டை நேரத்தில் முதலாவதை எடுத்துக்கொள்ளும். இல்லாத நேரத்தைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும். பைத்தானில் 3.6 பதிப்பு முதல் 'ஃபோல்ட்' என்ற குறி இருக்கிறது; 0 என்றால் முதல் தடவை, 1 என்றால் இரண்டாம் தடவை. எதுவும் சொல்லாவிட்டால் 0. எல்லாமே சத்தமில்லாமல் முடிவெடுக்கும். நாங்கள் நிறுத்திக் கேட்கிறோம்.

அம்மா ரங்கூனில் பிறந்தவர், 1943. பினாங்கில் பிறந்த பெரியப்பாவும் இருக்கிறார். இந்திய நேரம் போடலாமா?

கூடாது. பிறந்த ஊரின் பதிவைத்தான் எடுக்க வேண்டும். ஜப்பானியர் பிடித்த இடங்களிலெல்லாம் டோக்கியோ நேரம் வந்தது. அட்டவணைப்படி ரங்கூனில் 1942 மே முதல் 1945 மே 3 வரை கிரீன்விச்சுக்கு 9 மணி நேரம் முன்னால். அதற்கு முன்னும் பின்னும் 6:30. சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 16 முதல் 1945 செப்டம்பர் 12 வரை 9 மணி.

மலாயாவின் கதை இன்னும் நீளம். 7 மணி, பிறகு 7:20, 1941 செப்டம்பர் முதல் 7:30, ஜப்பானியர் காலத்தில் 9, மறுபடி 7:30, 1982 பிறந்ததும் 8. கோலாலம்பூர் என்று தேர்வு செய்தாலும் உள்ளே சிங்கப்பூர் பதிவுதான் வேலை செய்கிறது. ஆனால் ஜப்பானியர் பினாங்குக்குள் வந்தது 1941 டிசம்பரிலேயே. சிங்கப்பூர் வீழ்ந்தது பிப்ரவரியில். அந்த இரண்டு மாதத்தில் பினாங்கில் பிறந்தவருக்கு அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

ஈழத்திலிருந்து வந்த குடும்பம். பையன் 1999-ல் வன்னியில் பிறந்தான்.

இது 1970-க்குப் பிந்தையது, ஆனாலும் அட்டவணை முழு உண்மை சொல்லாத இடம். இலங்கை அரசு 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி 6:30 ஆக்கியது. அதே வருடம் அக்டோபர் 26-ல் 6 மணி ஆக்கியது. 2006 ஏப்ரல் 15-ல் பழையபடி 5:30. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் 5:30-லேயே இருந்தன. ஏசியா/கொழும்பு பதிவு கொழும்பின் நேரத்தை மட்டும் சொல்லும். ஒரே வருடம், ஒரே தீவு, அரை மணி வித்தியாசம். பிறந்த இடம் அன்று யார் கையில் இருந்தது என்று குடும்பத்துக்குத்தான் தெரியும். புலிகள் கையில் இருந்தது என்றால் எங்கள் மென்பொருளில் இந்திய நேரத்தைத் தேர்வு செய்யுங்கள், கணக்கு சரியாக வரும்.

ஜோதிட மென்பொருளுக்கும் இந்த அட்டவணைக்கும் ஏதோ வழக்கு நடந்ததாமே?

நடந்தது. 2011 செப்டம்பரில் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. தாங்கள் உரிமை வாங்கிய ஒரு அட்லஸிலிருந்து பழைய நேரத் தகவல்களை எடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அட்டவணை இருந்த சர்வர் மூடப்பட்டது. சில நாட்களில், இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தன் ஐயானா பிரிவு வழியாக அதை எடுத்து நடத்த முன்வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டது. எந்தத் தேதியில் எந்த ஊரில் மணி என்ன என்பது வரலாற்றுச் செய்தி, யாருக்கும் சொத்தல்ல. இதை எங்கள் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கென்று தனி நேரம் இருந்ததா? பழைய மழைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறோம்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும் 'பாகான்' நேரம் இன்றும் உண்டு. அது எந்த அட்டவணையிலும் இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு அப்படி எதையும் நாங்கள் மென்பொருளில் வைக்கவில்லை.

மழைப் பதிவேட்டுக்கு வேறு ஆலோசனை. தேதியைத் தேதியாகவே சேமியுங்கள், மணி சேர்க்காதீர்கள். இன்று இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-லிருந்து மறுநாள் 8:30 வரை. பழைய பதிவேட்டில் எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று முகப்பில் எழுதியிருந்தால் அதைத் தனிக் குறிப்பாக வையுங்கள். 1942 முதல் 1945 வரையுள்ள பக்கங்களில் அளந்த நேரத்தைத் திருத்தி எழுதிவிடாதீர்கள்.

உதயம் பற்றியும் கேட்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கிழக்கே தடையில்லாமல் சமவெளி தெரியும் இடத்தில் நின்றால் சேலத்தைவிட நான்கு நிமிடம் போல முன்னதாகச் சூரியன் தெரியும். பஞ்சாங்கக் கணக்கு இதைச் சேர்ப்பதில்லை, நாங்களும் சேர்ப்பதில்லை.

நிரல் எழுதுபவன் நான். பைத்தானில் இந்திய நேரம் போட்டால் 5:53 என்று வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

பைடிஇசட் என்ற பழைய நூலகத்தை நேரடியாகத் தேதிக்குள் கொடுத்திருப்பீர்கள். அது அட்டவணையின் முதல் வரியை, அதாவது 1854-க்கு முந்தைய கொல்கத்தாவின் உள்ளூர் நேரத்தை, எடுத்துக்கொள்ளும். சேலத்தில் இருக்கும் உங்கள் சர்வர் 23 நிமிடம் பிசகும். அந்த நூலகத்தின் 'லோக்கலைஸ்' வழியைப் பயன்படுத்துங்கள், அல்லது பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஸோன்இன்ஃபோவுக்கு மாறிவிடுங்கள்.

உலாவியில் பழைய தேதி எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் 2009-ம் ஆண்டுப் பதிப்பு, இன்றைய விதியையே எல்லாப் பழைய தேதிகளுக்கும் போடச் சொன்னது. அதன்படி 1943-க்கும் 5:30. பிறகு அது மாறியது. இப்போதைய உலாவிகள் 1943-க்கு 6:30 என்றும், 1905-க்கு 5:21 என்றும் காட்டும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய ஒரு வலைப்பக்கம் இன்று வேறு விடை தருவதற்கு இதுவே காரணம். 'ஏசியா/கால்கட்டா' என்று குரோம் காட்டினால் பயப்பட வேண்டாம், பழைய பெயர். இரண்டும் ஒரே பதிவு.

விண்டோஸ், எக்செல்?

விண்டோஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் இந்தியாவுக்கு 5:30 மட்டும். போரும் தெரியாது, மெட்ராஸும் தெரியாது. எக்செலுக்கு நேர மண்டலம் என்ற ஒன்றே கிடையாது, 1900-க்கு முந்தைய தேதியும் கிடையாது. பழைய பதிவுகளை எக்செலில் ஏற்றினால் தேதியை வெறும் எழுத்தாக வையுங்கள்.

'ஐஎஸ்டி' என்று எழுதினால் போதாதா?

போதாது. இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்துதான். ஜாவா அதை இந்தியா என்று எடுத்துக்கொள்ளும்; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பான சுருக்கப் பட்டியலில் அது இஸ்ரேல். மூன்றரை மணி நேர வித்தியாசம். முழுப் பெயரை எழுதுங்கள்.

பிறந்த தேதி ஒரு நாள் குறைந்து காட்டுகிறது.

தேதியை நள்ளிரவு 12 மணி என்று வைத்து யுடிசிக்கு (கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம்) மாற்றிச் சேமித்திருக்கிறீர்கள். அது முந்தைய நாள் 18:30. பிறந்த தேதிக்கு மணி வேண்டாம்.

வெள்ளிக் கொலுசு ஏற்றுமதி செய்கிறோம். அடுத்த வருடம் நியூயார்க்கில் காலை 10 மணிக்குச் சந்திப்பு. யுடிசியில் சேமிக்கலாமா?

நடந்து முடிந்ததற்கு யுடிசி சரி. வரப்போவதற்கு 'நியூயார்க், காலை 10' என்றே சேமியுங்கள். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும்; நமக்கும் அவர்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிரில் பத்தரை மணி. அந்த விதியே நடுவில் மாறலாம். 2023-ல் எகிப்து சில வாரங்களுக்கு முன் அறிவித்துக் கோடை நேரத்தை மறுபடி கொண்டுவந்தது. அதே வருடம் லெபனானில் அரசு ஒரு நேரமும் மக்களில் ஒரு பகுதியினர் இன்னொரு நேரமுமாகச் சில நாட்கள் இருந்தார்கள்.

1962, 1965, 1971 போர்களின்போதும் இந்தியாவில் நேரம் மாறியதாகப் படித்தேன்.

இணையத்தில் பல இடங்களில் அப்படி இருக்கிறது. அட்டவணையில் அப்படி எதுவும் இல்லை. ஆணையின் தேதி கையில் இல்லாமல் நாங்கள் சேர்க்க மாட்டோம்.

பழைய நேரங்களைச் சேமிக்க என்னென்ன புலங்கள் வேண்டும்?

குறிப்பில் எழுதியிருந்தது எழுத்துப் பிசகாமல் அப்படியே. ஊர், அட்சரேகை தீர்க்கரேகையோடு. எங்கிருந்து எடுத்தது: நோட்டா, பிறப்புச் சான்றிதழா, வாய்மொழியா. நீங்கள் கழித்த மணி நிமிடம். அட்டவணையின் பதிப்பு எண். கடைசியாக, இவற்றிலிருந்து கணக்கிட்ட யுடிசி. கடைசிப் புலத்தை எப்போது வேண்டுமானாலும் அழித்துத் திரும்பக் கணக்கிடலாம்; முதல் புலம் போனால் போனதுதான். பல நிறுவனங்கள் கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு முதலைத் தூக்கி எறிகின்றன.

என் மென்பொருள் சரியாகச் செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எல்லாவற்றுக்கும் பகல் 12 மணி கொடுத்து யுடிசி கேளுங்கள். சேலம், 1905 ஜனவரி 1: 06:38:50 வர வேண்டும். 06:30 வந்தால் மெட்ராஸ் நேரம் தெரியாத மென்பொருள். 06:39 என்று முழு நிமிடமாக வந்தால் விநாடியை விழுங்குகிறது. ஜாதகத்துக்கு அது பரவாயில்லை. சேலம், 1943 ஜனவரி 1: 05:30. சேலம், 1946 ஜனவரி 1: 06:30. லண்டன், 1970 ஜனவரி 1: 11:00, ஏனென்றால் 1968 முதல் 1971 வரை அங்கே குளிர்காலத்திலும் ஒரு மணி கூடுதலாகவே வைத்திருந்தார்கள். சிங்கப்பூர், 1980 ஜனவரி 1: 04:30. கொழும்பு, 2000 ஜனவரி 1: 06:00. இதில் சேலத்து 1905, 1943 இரண்டும் 06:30 என்று வந்தால் விண்டோஸின் பட்டியலை நம்பி எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.